8,500 வெள்ளிச் சம்பளம், நான்கு பேர் குடும்பம்: கோவையிலிருந்து சிங்கப்பூர் வந்தவர்களின் வரவு செலவு

மாதம் 8,500 சிங்கப்பூர் வெள்ளி (டாலரை இங்கே வெள்ளி என்போம்) என்று வேலைக் கடிதத்தில் பார்த்ததும் எல்லோரும் முதலில் செய்வது 65-ஆல் பெருக்குவதுதான். ஐந்தரை லட்சம் ரூபாய். கோவையில் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து கையில் வாங்கிக்கொண்டிருந்தது 2 லட்சத்துச் சொச்சம், அதில் பி.எஃப். போக மாதம் 55,000 மிச்சம் பிடித்த குடும்பம் இது. சிங்கப்பூர் வந்து ஓராண்டு முடிந்து உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், மாதத்துக்கு 200 வெள்ளி துண்டு விழுகிறது. கார் இல்லை, வேலைக்காரப் பெண் இல்லை, வெளியே சாப்பிடுவதும் வாரத்துக்கு ஒரு நாள்தான்.

இது எப்படி ஆனது என்று வரி வரியாக எழுதி வைக்கிறேன். இதே மாதிரி கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதே பெருக்கலைப் போட்டுக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன, அவர்களிடம் யாரும் முழுக் கணக்கைச் சொல்வதில்லை. குடும்பத்தின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

என் அக்கா மகளும் அவள் கணவரும்தான். மாப்பிள்ளைக்கு அப்போது 34 வயது, மென்பொருள் வேலை. அவள் கோவையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள், 42,000 ரூபாய் சம்பளம். பெண்ணுக்கு 9 வயது, பையனுக்கு 4. சரவணம்பட்டிப் பக்கம் ஒரு ஃபிளாட், அதற்கு மாதம் 38,000 தவணை. 2024 ஜூனில் மாப்பிள்ளை வந்தார், அடுத்த மாதம் மற்ற மூவரும்.

வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை விசாரிக்காமல் இல்லை. விசாரித்த ஆளின் நிலைமைதான் வேறு. ஏறக்குறைய இதே சம்பளத்தில் இங்கே வேலை பார்க்கும் கல்யாணமாகாத நண்பர் ஒருவர், "தாராளமா வாங்க, பாதிக்கு மேல சேர்த்துடலாம்" என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது பொய் இல்லை. தனி ஆளாக ஒரு வீட்டில் ஓர் அறை 1,100 வெள்ளி, சாப்பாடு 700, பேருந்தும் ரயிலும் 120, போன் 30, வரிக்கு 480, ஊருக்கு 800 என்று போட்டாலும் 5,000 வெள்ளிக்கு மேல் கையில் நிற்கும். அதே 8,500-இல் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் சேரும்போது நிலைமை தலைகீழாகிவிடுகிறது. அந்த 5,000 அப்படியே வீட்டு வாடகைக்கும் பள்ளிக்கும் போய்விடும். வெளிநாடு போகிறவர்கள் விலைவாசியைப் பற்றிக் கேட்கிறார்கள், அரிசி என்ன விலை, பால் என்ன விலை என்று. அதை நான் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கணக்கில் அரிசிக்கும் பாலுக்கும் பெரிய பங்கே கிடையாது. வீடு, பள்ளி, மனைவியின் வேலை, இந்த மூன்றுதான் தீர்மானித்தன.

முதலில் வீடு. இங்கே பெரும்பாலான மக்கள் குடியிருப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில், வீவக வீடு என்போம், ஹெச்டிபி என்றால் ஊரில் இருப்பவர்களுக்கும் தெரியும். வெளிநாட்டவர் முழு வீடாக வாடகைக்கு எடுக்கலாம், ஆனால் ஒதுக்கீடு உண்டு: குடியுரிமை இல்லாதவர்கள் (மலேசியர் இதில் சேர்த்தி இல்லை) ஒரு வட்டாரத்தில் 8 விழுக்காட்டையும் ஒரு புளோக்கில் 11 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது. பிடித்த வீடு கிடைத்து, உரிமையாளரும் சம்மதித்து, ஒதுக்கீடு நிரம்பிவிட்டது என்பதற்காகவே கைவிட்ட வீடுகள் இவர்களுக்கு உண்டு. இன்னொரு விஷயத்தையும் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். இந்தியக் குடும்பம், வீட்டில் சமையல் நடக்கும் என்று தெரிந்ததும் பதில் சொல்வதை நிறுத்திவிடும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அது மனத்தைப் புண்படுத்துகிற விஷயம், பணத்தையும் பாதிக்கிறது: பார்க்க முடிகிற வீடுகள் குறைந்தால் பேரம் பேசும் வலுவும் குறைகிறது.

நாலறை வீடு என்றால் மூன்று படுக்கை அறையும் ஒரு கூடமும். செங்காங் வட்டாரத்தில் அப்படி ஒரு வீடு 3,400 வெள்ளிக்கு முடிந்தது, இரண்டு ஆண்டு ஒப்பந்தம். கையெழுத்துப் போடும்போது போன பணத்தைப் பாருங்கள். முன்பணம் இரண்டு மாத வாடகை, 6,800. முதல் மாத வாடகை 3,400. முத்திரைத் தீர்வை, அதாவது மொத்த ஒப்பந்த வாடகையில் 0.4 விழுக்காடு, 326 வெள்ளி, இதை வாடகைக்கு வருகிறவர்தான் 14 நாளுக்குள் கட்ட வேண்டும். முகவர் கமிஷன் பேசி முடிவு செய்வது, இவர்களுக்கு அரை மாத வாடகையும் அதன் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும், 1,853. ஆக 12,379 வெள்ளி, எட்டு லட்சம் ரூபாயை ஒட்டி. முதல் சம்பளம் இன்னும் வரவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள்.

"அட்வான்ஸ் திரும்பி வந்துடுமில்லீங்க மாமா" என்று கேட்டார் மாப்பிள்ளை. வரும், ஆனால் முழுசாக வருமா என்பது வீட்டுக்குள் நுழையும் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஒப்பந்தத்தில் இருப்பதைப் படித்தால் புரியும்: மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏர்கான் சர்வீஸ் வாடகைக்காரர் பொறுப்பு, அதன் ரசீதுகளை வைத்திருக்க வேண்டும். சின்னப் பழுதுகளில் ஒரு தொகை வரைக்கும் வாடகைக்காரர் கையிலிருந்து. காலி செய்யும்போது வீட்டை ஆள் வைத்துச் சுத்தம் செய்து, திரைச்சீலைகளை டிரைகிளீன் செய்து, அந்த ரசீதுகளோடு சாவியைத் தர வேண்டும். நாங்கள் சாவி வாங்கிய அன்று அக்கா மகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க ஊர்ந்தாள் என்றே சொல்ல வேண்டும். சமையலறை மேடைக் கல்லில் மூலையில் ஒரு விரிசல், குளியலறைக் கதவின் அடியில் தண்ணீர் ஊறி உப்பிப் போன பலகை, பெரிய அறை ஜன்னல் ஓரம் பழைய ஆணி ஓட்டைகள், மெத்தையைப் புரட்டிப் போட்டால் அடியில் ஒரு கறை. ஒவ்வொன்றையும் படமெடுத்து, அன்று மாலையே முகவருக்கும் உரிமையாளருக்கும் அனுப்பி, "கிடைத்தது" என்று பதில் வாங்கினாள். இதைச் செய்யாத குடும்பங்களுக்கு முன்பணத்திலிருந்து நூற்றுக்கணக்கில் பிடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

வீடு கிடைக்கும் வரை எங்கே தங்குவது என்பதும் ஒரு செலவு. ஊரில் நினைப்பது போல ஒரு மாதத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்ள முடியாது. வீவக வீட்டுக்குக் குறைந்தபட்ச வாடகைக் காலம் 6 மாதம், தனியார் வீட்டுக்கு 3 மாதம், அதற்குக் கீழ் போனால் சட்ட விரோதம். அதனால் ஹோட்டல் அல்லது சர்வீஸ் அபார்ட்மென்ட். மாப்பிள்ளைக்கு முதல் இரண்டு வாரம் நிறுவனம் தங்குமிடம் கொடுத்தது, மீதி நாள் என் வீட்டில். அது இல்லையென்றால் இன்னும் ஓர் ஆயிரம் இரண்டாயிரம் கூடியிருக்கும்.

பள்ளிக் கட்டணம், பையனுக்கு மழலையர் பள்ளி, கட்டில் மெத்தை, மின்சாரத்துக்கு முன்வைப்பு என்று எல்லாம் சேர்த்து முதல் இரண்டு மாதத்தில் போன தொகை 19,000 வெள்ளியைத் தாண்டியது. பன்னிரண்டு லட்சம் ரூபாய். நிறுவனம் இடமாற்றச் செலவுக்குக் கொடுத்தது 3,000 வெள்ளி, அதுவும் ஓராண்டுக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. மீதி, வங்கி வைப்பை உடைத்ததிலும் நகைக் கடனிலும் வந்தது. இந்தியாவிலிருந்து பணம் கொண்டு வருவதில் ஒன்றைக் கவனித்துச் செய்தார்கள்: அந்த நிதியாண்டில் ஆளுக்கு 7 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால், மேலே உள்ள தொகைக்கு 20 விழுக்காடு டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரி பிடிப்பார்கள், பிறகு ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் கையில் பணம் வேண்டிய நேரத்தில் அது முடங்கும். இருவர் பெயரிலும் பிரித்து, கிளம்பும் முன்பே அனுப்பினார்கள். 2025 ஏப்ரலிலிருந்து அந்த வரம்பு 10 லட்சமாகியிருக்கிறது.

அடுத்தது பள்ளி. இங்கே அரசுப் பள்ளிகள் நல்ல பள்ளிகள், தமிழைத் தாய்மொழிப் பாடமாகவே எடுத்துப் படிக்கலாம், கோவையில் தமிழ் படித்துவிட்டு வந்த பெண்ணுக்கு அதைவிட என்ன வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் வெளிநாட்டுப் பிள்ளைக்கு இடம் உறுதி கிடையாது. இரண்டாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை சேர வேண்டுமென்றால் ஏஇஐஎஸ் என்ற நுழைவுத் தேர்வு, அது செப்டம்பர் அக்டோபர் வாக்கில் நடக்கும், தேறினால் அடுத்த ஜனவரியில் சேரலாம், எந்தப் பள்ளி என்பதை எங்கே இடம் காலியாக இருக்கிறது என்று பார்த்துக் கல்வி அமைச்சு சொல்லும். கட்டணமும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் போல இல்லை. ஆசியான் நாடுகளைச் சேராத வெளிநாட்டுப் பிள்ளைக்குத் தொடக்கப்பள்ளியிலேயே மாதம் 800 வெள்ளிக்கு மேல், ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது.

ஜூலையில் வந்து இறங்கிய பிள்ளையை ஜனவரி வரை வீட்டில் வைத்திருக்க முடியாது. அதனால் சிபிஎஸ்இ பாடத்திட்டம் உள்ள ஓர் இந்தியப் பள்ளியில் சேர்த்தார்கள், மாதக் கணக்கில் 1,350 வெள்ளி, பள்ளிப் பேருந்து 170. பையனுக்கு அரசின் மழலையர் பள்ளி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான், தனியாரில் அரை நாள் வகுப்புக்கு 520. பெண் 2025-இல் ஏஇஐஎஸ் எழுதினாள். நன்றாகப் படிக்கிற பிள்ளை. இடம் கிடைக்கவில்லை. கணக்கில் இங்கே கேட்கிற முறை வேறு, ஒரு கேள்வியை மூன்று நான்கு படியில் யோசித்து எடுக்க வேண்டும், அதற்கென்று ஓராண்டாவது பழக வேண்டும், பழக்குவதற்கு டியூஷன் வைத்தால் அது தனிச் செலவு. அவள் இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு இது பெரிய பாரம். பெற்றோர் பணக் கணக்கில் "அடுத்த வருஷம் லோக்கல் ஸ்கூல்" என்று எழுதி வைத்துக்கொள்ளும்போது இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது, அக்கா மகளின் வேலை. இந்தக் கணக்கில் ரொம்பப் பெரிய இழப்பு இதுதான், எந்தப் பில்லிலும் இது வராது. எம்ப்ளாய்மென்ட் பாஸில் (மாப்பிள்ளை போல நல்ல சம்பளத்தில் வரும் வெளிநாட்டு ஊழியருக்கான வேலை அனுமதி) இருப்பவரின் மாதச் சம்பளம் 6,000 வெள்ளிக்குக் குறையாமல் இருந்தால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உடன் தங்குவதற்கான டிபென்டன்ட் பாஸ் கிடைக்கும். முன்பெல்லாம் அந்தப் பாஸில் இருப்பவர்கள் ஓர் அனுமதிக் கடிதம் வாங்கி எளிதாக வேலைக்குப் போனார்கள். 2021 மே மாதத்திலிருந்து அது இல்லை, அவர்களுக்கென்று தனியாக வேலைப் பாஸ் எடுக்க வேண்டும். அவள் வயதுக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்றால் 7,000-க்கு மேல் சம்பளம் கொடுக்கும் வேலை வேண்டும். அதற்கு அடுத்த படியான எஸ் பாஸ் என்றால் நிறுவனத்துக்கு ஒதுக்கீடு இருக்க வேண்டும், 2025 செப்டம்பரிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 3,300, அது வயதுக்கேற்பக் கூடும், அதோடு நிறுவனம் மாதா மாதம் அரசுக்கு 650 வெள்ளி தீர்வை கட்ட வேண்டும். சின்னக் கணக்கர் அலுவலகங்கள் அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள், வேலை தெரிந்தவள் என்று சொன்னார்கள், பாஸ் விஷயம் வந்ததும் பின்வாங்கினார்கள். வீட்டில் நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கலாமே என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பாஸ் இல்லாமல் சம்பாதிப்பது குற்றம், அதைத் தொடவே வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன்.

ஆக மாப்பிள்ளையின் 8,500-ஐ அவருடைய பழைய சம்பளத்தோடு ஒப்பிடக் கூடாது, இருவரின் பழைய சம்பளத்தோடும் இருவரின் பி.எஃப்.போடும் சேர்த்து ஒப்பிட வேண்டும். இங்கே மத்திய சேம நிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான், எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவருக்கு நிறுவனம் ஒரு காசும் போடாது. பிடித்தம் இல்லாததால் சம்பளம் முழுசாகக் கைக்கு வருவது போல இருக்கும், ஆனால் முதுமைக்கு என்று தானாகச் சேர்ந்துகொண்டிருந்தது நின்றுவிட்டது.

வரியும் அப்படித்தான். ஊரில் போல மாதா மாதம் பிடிக்க மாட்டார்கள். முந்தைய ஆண்டு வருமானத்துக்கு அடுத்த ஆண்டு ஏப்ரலில் கணக்குக் காட்டிய பிறகு பில் வரும். மாப்பிள்ளைக்கு 2024-இல் ஏழு மாதச் சம்பளம்தான், 59,500 வெள்ளி. தன் பேரில், மனைவி பேரில், இரண்டு பிள்ளைகள் பேரில் என்று கழிவுகள் 11,000 போக மீதிக்கு வரி 1,145. அந்த ஆண்டு அரசு கொடுத்த தள்ளுபடி 200 வெள்ளியும் போக 945. "வரி ரொம்பக் கம்மிங்க மாமா, இந்தியாவுல நான் எவ்வளவு கட்டினேன் தெரியுங்களா" என்று சந்தோஷமாகச் சொன்னார். முழு ஆண்டு 2025-க்கு அதே கழிவுகளோடு போட்டால் 4,615. முதல் பில்லைப் பார்த்து இரண்டாவதையும் அப்படியே நினைத்துக்கொள்வதுதான் இங்கே புதிதாக வருகிறவர்களைப் பிடிக்கும் இடம். வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோ முறை போட்டால் வட்டியில்லாமல் 12 தவணையில் கட்டலாம், மாதம் 385. பெற்றோருக்கான கழிவு உண்டே என்று கேட்பார்கள். அந்தப் பெற்றோர் சிங்கப்பூரில் வசித்தால்தான், ஊருக்கு அனுப்பும் பணத்துக்குக் கிடையாது.

சாப்பாட்டுச் செலவுக்கு வருவோம். தேக்கா சந்தையில் முருங்கைக்காய், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் எல்லாம் கிடைக்கும், முஸ்தபா கடையில் பொன்னி அரிசியும் இதயம் நல்லெண்ணெயும் கிடைக்கும், அக்கம்பக்கத்து ஷெங் சியோங் பேரங்காடியில் பாலும் முட்டையும். உணவங்காடியில் ஓர் ஆள் 4 முதல் 6 வெள்ளிக்குள் வயிறார சாப்பிடலாம். உணவகத்தில் உட்கார்ந்தால் விலைப்பட்டியலில் கூட்டல் குறி இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதன் மேல் 9 விழுக்காடு வரியும் ஏறும், 100 வெள்ளிச் சாப்பாடு 120 ஆகிவிடும். நாலு பேர் வீட்டில் சமைத்து, வாரம் ஒரு நாள் வெளியே சாப்பிட்டு, மாதம் 1,150-க்குள் இவர்கள் முடித்தார்கள். ரயிலும் பேருந்தும் நாலு பேருக்கும் சேர்த்து 180. ஏழு வயதுக்குக் கீழ்ப் பிள்ளைக்குக் கட்டணமே இல்லை.

அப்படியென்றால் உலகின் செலவு மிகுந்த நகரம் என்று சிங்கப்பூரைச் சொல்கிறார்களே? எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் என்ற ஆய்வு நிறுவனம் 2023-இல் சிங்கப்பூரையும் ஜூரிச்சையும் முதலிடத்தில் வைத்தது, மெர்சர் நிறுவனத்தின் 2024 பட்டியலில் ஹாங்காங்குக்கு அடுத்த இடம். அந்தப் பட்டியல்களில் கார் ஒரு பெரிய காரணம். இங்கே கார் வாங்க முதலில் உரிமைச் சான்றிதழ் ஏலத்தில் எடுக்க வேண்டும், 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் மட்டும் 1,50,000 வெள்ளியைத் தொட்டது, அதுவும் பத்தாண்டுக்குத்தான். நம் குடும்பங்களில் காரை யாரும் நினைப்பதில்லை, அதனால் அந்தப் பட்டியல் நமக்குச் சரியாகப் பொருந்தாது. அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், கார் வேண்டாம் என்பதாலேயே சமாளித்துவிடலாம் என்று தைரியமாக இருக்கவும் வேண்டாம்.

மருத்துவம். நிரந்தரவாசம் இல்லாதவருக்கு அரசு மருத்துவமனையிலும் பலதுறை மருந்தகத்திலும் (பாலிகிளினிக்) மானியம் கிடையாது. எஸ் பாஸ், வொர்க் பர்மிட் ஊழியருக்கு நிறுவனம் மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும், எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மாப்பிள்ளைக்கு எடுத்திருந்தார்கள், குடும்பத்துக்கு இல்லை. மற்ற மூவருக்கும் தனிக் காப்பீடும், பிள்ளைகளின் காய்ச்சல் சளிக்குப் பக்கத்துக் கிளினிக்கும் சேர்த்து மாதம் 250.

இப்போது முழு மாதத்தையும் கூட்டிப் பாருங்கள். வாடகை 3,400, பெண்ணின் பள்ளி 1,350, பையனின் பள்ளி 520. இது மூன்றும் சேர்ந்து 5,270, சம்பளத்தில் 62 விழுக்காடு. சாப்பாடு 1,150, மின்சாரம் தண்ணீர் எரிவாயு 210, இணையமும் போனும் 90, பள்ளிப் பேருந்தும் பயணமும் 350, மருத்துவம் 250, வரிக்கு எடுத்து வைப்பது 385, ஏர்கான் சர்வீஸ் 30. ஊரில் வீட்டுத் தவணை 38,000 ரூபாயும் பெற்றோருக்கு 15,000-மும் சேர்த்து 815 வெள்ளி. மொத்தம் 8,550. ஆண்டுக்கு ஒரு தடவை நாலு பேரும் ஊருக்குப் போய் வருவதை மாதத்துக்குப் பிரித்தால் 150. ஆக 8,700. இதில் துணிமணி இல்லை, பொங்கல் தீபாவளி இல்லை, நகைக் கடன் வட்டி இல்லை.

கணக்கைப் பார்த்துவிட்டு அக்கா மகள்தான் முதலில் பேசினாள். "மாமா, நாங்க எதுலயுமே தப்பு பண்ணலையே, எங்க குறைக்கறது?" அவள் கேட்டது முழு நியாயம். குறைக்கக்கூடியது எல்லாம் சின்னச் சின்னத் தொகை, பெரிய தொகை எல்லாம் கையெழுத்துப் போட்டுப் பூட்டியாகிவிட்டது. வாடகையைக் குறைக்க வீடு மாறலாமென்றால் ஒப்பந்தத்தை இடையில் முறிக்க அதில் உள்ள டிப்ளமாட்டிக் கிளாஸ் என்ற விதி அதற்கு உதவாது, வேலை போனாலோ வேறு நாட்டுக்கு மாற்றினாலோதான், அதுவும் 12 மாதத்துக்குப் பிறகு இரண்டு மாத முன்னறிவிப்போடு. ஓர் அறையை வேறொருவருக்கு விடலாமா என்றால், வீவக வீட்டில் வாடகைக்காரர் உள்வாடகை விடக் கூடாது.

செய்ய முடிந்ததைச் செய்தார்கள். சரவணம்பட்டி வீடு பூட்டிக் கிடந்தது, அதை 14,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு, வெளிநாட்டில் வசிப்பவருக்கு வாடகை கொடுப்பவர் 30 விழுக்காட்டுக்கு மேல் டிடிஎஸ் பிடித்துக் கட்ட வேண்டும், குடியிருக்க வருகிறவர்களுக்கு இது தெரிவதே இல்லை, முதலிலேயே சொல்லிப் பேசி, பிடித்ததை ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்க வேண்டும். ஊர் வங்கிக் கணக்கை வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றும் வேலையையும் அப்போதுதான் முடித்தார்கள். இங்கே ஏர்கானை இரவு சில மணி நேரத்துக்குக் குறைத்து, வெளிச் சாப்பாட்டையும் பார்த்துச் செய்ததில் ஒரு 150 வெள்ளி. இப்போது மாதம் 165 வெள்ளி நிற்கிறது, பத்தாயிரத்து எழுநூறு ரூபாய். கோவையில் 55,000 நின்ற குடும்பத்துக்கு.



என் கணிப்பில் இந்தக் குடும்ப அளவுக்கு 10,000 வெள்ளிக்குக் குறையாமல் கேட்டிருக்க வேண்டும், அல்லது 8,500-ஓடு ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் குடும்பக் காப்பீட்டையும் நிறுவனம் ஏற்க வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும். நிறுவனம் கொடுக்கும் படித்தொகைக்கும் (அலவன்ஸ்) வரி உண்டு, அதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கேட்கிற நேரம் கையெழுத்துப் போடும் முன்னால்தான். அதன் பிறகு அடுத்த வாய்ப்பு பாஸைப் புதுப்பிக்கும்போது வருகிறது, மாப்பிள்ளைக்கு அது 2026 ஜூன்.

அங்கே அவருக்கு ஒரு பிடி கிடைத்திருக்கிறது. எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கான குறைந்தபட்சச் சம்பளம் வயதோடு ஏறும். 2025 ஜனவரியில் அது 5,600-இலிருந்து தொடங்கி 45 வயதில் 10,700 வரை என்று உயர்த்தப்பட்டது, 2026 முதல் புதுப்பிப்புக்கும் அதே அளவு. ஜூனில் அவருக்கு 36 வயது, அந்த வயதுக்கு 8,600-க்கு மேல் வேண்டும். பழைய 8,500-இல் பாஸே புதுப்பிக்க முடியாது. நிறுவனம் எப்படியும் கூட்டித்தான் ஆக வேண்டும், 8,650-ஓடு நிறுத்திக்கொள்ளப் பார்ப்பார்கள். அதனால் மேலே உள்ள கணக்கை ஒரே பக்கத்தில் எழுதி, பள்ளிக் கட்டணத்தில் பாதியையும் குடும்பக் காப்பீட்டையும் கேட்டு ஜனவரியிலேயே கொடுத்துவிட்டார். மார்ச்சுக்குள் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒத்துக்கொண்டால் ஜூனில் வீட்டு ஒப்பந்தம் முடியும்போது 2,700-ஐ ஒட்டி ஒரு மூன்றறை வீட்டுக்குப் போவது, பையனுக்கு 2027 முதல் வகுப்புக்கு விருப்பம் தெரிவிப்பது என்று திட்டம். இல்லையென்றால் கோவையில் ஜூன் மாதப் பள்ளிச் சேர்க்கைக்கு ஏப்ரலுக்குள் முடிவெடுத்தாக வேண்டும். திரும்புவதற்கும் காசு வேண்டும்: வேலையை விடும்போது நிறுவனம் வருவாய் ஆணையத்துக்குத் தெரிவித்துவிட்டு, வரிக் கணக்கு முடியும் வரை கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைக்கும், வீட்டு முன்பணமும் சாவி கொடுத்த பிறகுதான் வரும். அந்த இடைவெளியைத் தாண்ட இரண்டு மாதச் செலவுப் பணம், 17,000 வெள்ளிக்கு மேல், கையில் இருக்க வேண்டும். அவர்களிடம் இப்போது அதில் கால்வாசிதான் இருக்கிறது, மீதிக்கு நானும் அக்காவும் பேசி வைத்திருக்கிறோம்.